மழையில் கூடிய மூன்று வீசை

எனக்கு ஒன்பது வயதில், செய்யாத தப்புக்கு அப்பாவிடம் ஒரு அறை வாங்கினேன். கடையில் கிடந்த சுண்ணாம்பு மூட்டை எடை கூடிப்போனதுதான் காரணம். கடைச் சரக்கு குறைந்ததற்கு அடி வாங்கிய பிள்ளைகள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கூடியதற்கு வாங்கியவள், பர்மாவில் எங்கள் ஊரான மோல்மேனிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் கடை சின்னது. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, புகையிலை, அரிசி, கருவாடு, ஙாப்பி என்கிற மீன் விழுது, அப்புறம் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் இரண்டு வகை இருக்கும். கூன்யா, அதாவது பர்மிய வெற்றிலைப் பாக்கு போடுகிறவர்களுக்குத் தகர டப்பாவில் குழைத்த சுண்ணாம்பு. வெள்ளையடிக்க வாங்குகிறவர்களுக்கு மூட்டையில் சுட்ட கல். பா-அன் என்ற ஊர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வயல் நடுவே திடீர் திடீரென்று செங்குத்தாக நிற்கும் மலையெல்லாம் சுண்ணாம்புக் கல்தான். அதனால் எங்கள் பக்கம் சுண்ணாம்புக்குப் பஞ்சமே கிடையாது. புத்த கோயிலானாலும் நம் அம்மன் கோயிலானாலும் திருவிழாவுக்கு முன்னால் ஒரு பூச்சு வெள்ளை அடித்தாக வேண்டும்.

அந்த வருசம் திஞ்சான் என்கிற பர்மியப் புத்தாண்டு முடிந்த கையோடு அப்பா ஒரு மூட்டை சுட்ட கல் வாங்கிப் பின்கட்டில் பலகை மேல் ஏற்றி வைத்தார். 20 வீசை. பேரேட்டில் எழுதியும் வைத்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ரங்கூன் மழையே பெரிது, மோல்மேன் மழை ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது, உப்பு ஜாடிக்குள்ளேயே கசியும், தீப்பெட்டி பற்றாது. ஆவணி வாக்கில் கோயிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வேண்டும் என்று ஆள் வந்தார்கள். மூட்டையை இழுத்தால் சாக்கு பிதுங்கி, ஒரு தையல் விட்டுப்போய், உள்ளே இருந்த கல்லில் பாதி மாவாகக் கிடந்தது. தராசில் தூக்கினார் அப்பா. 23 வீசை.

இறக்கி மறுபடி தூக்கினார். கல்லை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றிப் பார்த்தார். 23 தான். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே, "ஒங்க கடையில மட்டும் சரக்கு குட்டி போடுது போல" என்றார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சரக்கு குறைந்தால் அவருக்குக் காரணம் தெரியும். ஒன்று எலி, இல்லாவிட்டால் மனுசன் கை. கூடினால்? யாராவது மணலைக் கலந்திருக்க வேண்டும், அல்லது எடைக்கல் தேய்ந்திருக்க வேண்டும். மாவைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தார், மணல் இல்லை. அடுத்த பார்வை என் மேல் விழுந்தது. ஒரு வீசைக் கல்லை எடுத்துப்போய்ப் புளியங்கொட்டை உடைப்பது அந்தக் காலத்தில் என் பொழுதுபோக்கு. வாங்கினேன்.

இப்போது கணக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது. 20 வீசைச் சரக்கு 23 என்று காட்ட வேண்டுமானால், ஒரு வீசைக் கல்லில் 13 கியாத்தா, அதாவது 200 கிராமுக்கு மேல் இரும்பு தேய்ந்திருக்க வேண்டும். புளியங்கொட்டை அந்த வேலையைச் செய்யாது.

அப்பத்தா மட்டும் திண்ணையிலிருந்து சொன்னது: "புள்ளைய ஏண்டா அடிக்கிற? சுண்ணாம்பு மழையக் குடிச்சிருக்கும்." அப்பா சாக்கைத் தடவிக் காட்டினார். "எங்க ஆத்தா ஈரம்? பொடி காஞ்சு பறக்குது பாரு." அது உண்மை. விரலில் ஒட்டிய மாவு வெயிலில் காய்ந்த புழுதி மாதிரிதான் இருந்தது. மூன்று வீசை கூடியிருக்கிறது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அறை மறந்துபோனது. அந்தக் காய்ந்த மாவு மறக்கவில்லை.

வீசை என்று எழுதும்போதே தமிழ்நாட்டு வாசகர்கள் இதென்ன தாத்தா காலத்து அளவை என்று நினைப்பீர்கள். பர்மாச் சந்தைகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. பர்மியர்கள் பெய்த்தா என்பார்கள், ஆங்கிலேயன் நம் வீசையைத்தான் விஸ் என்று எழுதிக்கொண்டான். ஒரு வீசைக்கு 100 கியாத்தா, கிலோ கணக்கில் 1.633. சென்னை வீசை 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோதான். பெயர் ஒன்றுதான், கல் வேறு. இங்கே நாணயத்தின் பெயரான கியாட்டும் எடையிலிருந்து வந்ததுதான், ஒரு கியாத்தா வெள்ளியின் மதிப்பு. எங்கள் வீட்டில் அன்னப்பறவை வடிவில் ஒரு பழைய வெண்கல எடைக்கல் உண்டு, 10 கியாத்தாக் கல். 163.3 கிராம் இருக்க வேண்டும். போன வருசம் என் டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தேன், 161.8. இத்தனை தலைமுறைக் கைபட்டதில் ஒன்றரை கிராம் போயிருக்கிறது. ஆனால் நான் சொல்லவரும் விசயத்துக்குக் கல் சரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முன்னால் எந்தக் கல்லோ பின்னாலும் அதே கல்லாக இருந்தால் போதும்.

பள்ளியில் பர்மிய மொழியில்தான் வேதியியல் படித்தேன். பொருண்மை அழியா விதி என்ற தமிழ்ப் பெயரெல்லாம் ரொம்பப் பின்னால், ஊரிலிருந்து வந்த பாடப்புத்தகத்தில் பார்த்தது. வேதிவினைக்கு முன்னால் இருந்த மொத்த நிறையும் பின்னால் இருக்கும் மொத்த நிறையும் சமம். ஒரு வரி. மனப்பாடம் செய்ய ஒரு நிமிசம். இந்த ஒரு வரிக்கு மனுசன் ஏன் இத்தனை காலம் தடுமாறினான் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. மொத்தம் என்ற சொல்லில்தான் எல்லாக் கோளாறும் இருக்கிறது.

விறகு எரிந்து சாம்பலானால் எடை குறைகிறது. அது யாரையும் உறுத்தவில்லை, நெருப்பு தின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உறுத்தியது எங்கள் மூட்டை மாதிரி கூடுகிற சரக்குதான். தென்மேற்குப் பிரான்சில் பெர்ஜராக் என்ற ஊரில் ப்ருன் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். 2 பவுண்டு 6 அவுன்ஸ் வெள்ளீயத்தை இரும்புச் சட்டியில் போட்டு ஆறு மணி நேரம் காய்ச்சிப் பஸ்பமாக்கினார். நிறுத்தால் 2 பவுண்டு 13 அவுன்ஸ். நெருப்பில் காய்ச்சிய பொருள் 7 அவுன்ஸ் கூடியிருக்கிறது! அவருக்கு அடிக்க மகள் யாரும் பக்கத்தில் இல்லை போல. ழான் ரே என்ற மருத்துவரிடம் கேட்டார். ரே 1630இல் எழுதிய பதில்: காற்றுதான் ஏறியிருக்கிறது, மணலில் தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு மணியிலும் ஒட்டிக்கொண்டு மணல் கனப்பதைப்போல. கிட்டத்தட்ட எங்கள் அப்பத்தா சொன்னதுதான். அவர் பேச்சையும் யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராபர்ட் பாயில் என்ற வேதியியலாளர் இன்னும் கிட்டே வந்தார். வெள்ளீயத்தைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, வாயை உருக்கி மூடிச் சூடாக்கினார். ஆறியபின் மூடியை உடைத்தார், காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. அதன் பிறகு நிறுத்தார், எடை கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்கள் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டன என்று 1673இல் எழுதினார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இது. பாயில் முட்டாள் இல்லை, சோம்பேறியும் இல்லை. உடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை நிறுக்கவில்லை, அவ்வளவுதான். சீறிக்கொண்டு உள்ளே போன காற்றைக் காதால் கேட்டார், பேரேட்டில் எழுதவில்லை.

1756இல் பீட்டர்ஸ்பர்க்கில் லோமோனோசோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி மூடிய குடுவையை மூடியபடியே நிறுத்தார், எடை மாறவில்லை. 1774இல் பாரிஸில் லவாய்சியர் என்ற வேதியியலாளர் வெள்ளீயத்தை வைத்து அதையே செய்தார். மூடியிருக்கும்போது கொஞ்சமும் கூடவில்லை. உடைத்தபோது காற்று உள்ளே பாய்ந்தது, எடை கூடியது. உலோகம் பஸ்பமானதில் எவ்வளவு கூடியதோ அதுவும், வெளியிலிருந்து பாய்ந்து வந்த காற்றும் கணக்குக்கு ஒத்துவந்தன. அதுவரை எரியும் பொருளிலிருந்து பிளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்றுதான் எல்லோரும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்று வெளியேறினால் எடை எப்படிக் கூடும் என்று கேட்டால், அதற்கு எடை பூச்சியத்துக்கும் கீழே என்று பதில் சொன்னவர்களும் உண்டு. எங்கள் கடைக்கு அப்படி ஒரு சரக்கு வந்திருந்தால் அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

லவாய்சியருக்கு இந்தக் கணக்கு கைவந்தது வேதியியலால் மட்டும் என்று நான் நம்பவில்லை. அவர் அரசருக்காக வரி வசூலிக்கும் குத்தகைக் கூட்டத்தில் பங்குதாரர். புகையிலையில் தண்ணீரும் சாம்பலும் கலந்து எடை ஏற்றி விற்கிற சில்லறை வியாபாரிகளைப் பிடிப்பது அவருக்கு வந்து சேர்ந்த வேலைகளில் ஒன்று. அமிலத்தை ஊற்று, சாம்பல் இருந்தால் பொங்கும் என்று வழி சொன்னார். உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டே பழகிய மனுசன். 1789இல் வந்த தன் புத்தகத்தில், சர்க்கரை புளித்துச் சாராயமாவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான், ஒவ்வொரு வினையிலும் முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே என்று எழுதினார். அந்த வரிக் குத்தகையே 1794 மே 8ஆம் தேதி அவர் தலையை வாங்கியது.

சரி, நம் மூட்டைக்கு வருவோம். சுண்ணாம்பின் கணக்கைத் தொடங்கிவைத்தவர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அவரும் 1756தான். சுட்ட சுண்ணாம்பு நாக்கைப் பொசுக்குவது ஏன் என்றால், காளவாயின் நெருப்பு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிளாக் நிறுத்துப் பார்த்தார். உள்ளே எதுவும் போகவில்லை, ஒரு வாயு வெளியே போயிருந்தது. இன்று நாம் கரியமில வாயு என்கிறோமே, அதுதான்.

100 வீசைச் சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் 56 வீசை சுட்ட கல் கிடைக்கும், 44 வீசை கரியமில வாயுவாக மேலே போய்விடும். அந்த 56 வீசைக் கல் நீறும்போது 18 வீசைத் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். ஊறவைத்த மாதிரி எடுத்துக்கொள்ளாது, தன்னோடு சேர்த்து வேறு பொருளாகிவிடும். அதனால்தான் 74 வீசை நீற்றிய சுண்ணாம்பு கையில் காய்ந்து பறக்கிறது. பிறகு அதைச் சுவரில் பூசினால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவில் 44 வீசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, 18 வீசைத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மறுபடி 100 வீசைக் கல்லாகிவிடும். மலையிலிருந்து வெட்டிய அதே கல். கோயில் சுவரில் நாம் பார்ப்பது வெள்ளைச் சாயம் இல்லை, பா-அன் மலையின் ஒரு மெல்லிய தோல்.

இந்தக் கணக்கில் அப்பாவின் மூட்டையை வைத்தேன். 20 வீசை முழுக்க நீறியிருந்தால் 26.4 வீசை ஆகியிருக்கும். கூடியது மூன்று. அத்தனையும் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 9.3 வீசைக் கல் நீறியிருக்கிறது, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவு. மூட்டையில் பாதி மாவு, பாதி கல் என்று நான் பார்த்ததும் அதுதான். கூரை ஒழுகவில்லை, சாக்கு நனையவில்லை. மோல்மேன் காற்றிலிருந்த ஈரமே போதும். சுண்ணாம்பு குடித்தது, குடித்த அடையாளம் இல்லாமல் குடித்தது. அப்பத்தாவும் சரி, அப்பாவும் சரி, ஆளுக்குப் பாதி.

இப்போது நான் இருப்பது ரங்கூனில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வகம் என்று எதுவும் இல்லை. ஒரு சமுக்காளம், ஒரு கரும்பலகை, தங்கம் நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று. 0.01 கிராம் வரை காட்டும், அதை வாங்க இரண்டு மாதம் சீட்டுப் பணம் போனது.

பொருண்மை அழியா விதிக்கு எல்லா ஊரிலும் செய்கிற சோதனை ஒன்று உண்டு. பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் ஆப்ப சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி நிறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பலூனைத் தூக்கிச் சோடாவை உள்ளே கொட்டினால் பொங்கும், பலூன் உப்பும். மறுபடி நிறுத்தால் எடை மாறியிருக்காது. புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. நானும் வீட்டில் செய்து பார்க்காமல், புத்தகத்தை நம்பி, பிள்ளைகள் முன்னால் நேராகச் செய்தேன்.

முன்னால் 138.46 கிராம். ஒரு பையன் கரும்பலகையில் எழுதினான். 5 கிராம் சோடா, 100 மில்லி வினிகர். கொட்டினேன். பலூன் நன்றாகத் தேங்காய் அளவுக்கு உப்பியது, பிள்ளைகள் கை தட்டினார்கள். தராசைப் பார்த்தால் 136.97.

"சயாமா, ஒண்ணரை கிராம் காணோம்."

சயாமா என்றால் டீச்சர். சொன்னது பின்வரிசையில் உட்காரும் ஒரு பெண், பத்து வயதுதான் இருக்கும். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "காத்து கசிஞ்சிருக்கும்" என்றேன். "அப்ப பலூன் சுருங்கணுமே" என்றாள். பாட்டில் கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவினோம், ஒரு குமிழி வரவில்லை. அன்று பாடத்தை வேறு எதையோ பேசி முடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குள் வந்த முதல் எண்ணம் அப்பாவுக்கு வந்ததுதான்: யாரோ தராசில் கை வைத்திருக்கிறார்கள்.

விடை ராத்திரி குளியலறையில் கிடைத்தது. வாளி நீரில் முங்கிக் கிடந்த செம்பை மொண்டு தூக்கினேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை செம்பு கனக்கவில்லை, மேலே வந்ததும் கனத்தது. கிணற்றில் குடம் இறைத்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நாமெல்லாம் காற்று என்ற கிணற்றுக்குள் முங்கிக் கிடக்கிறோம். ஒரு லிட்டர் இடத்தை அடைக்கிற பொருளை, அந்த ஒரு லிட்டர் காற்றின் எடை மேல்நோக்கித் தாங்கிக்கொள்கிறது. ரங்கூன் வெக்கையில் அது ஏறக்குறைய 1.15 கிராம். பலூன் உப்பி 1.3 லிட்டர் கூடுதலாக இடம் பிடித்தது. 1.3ஐ 1.15ஆல் பெருக்கினால் 1.495. காணாமல்போன ஒண்ணரை கிராம்!

அடுத்த ஞாயிறு அதையே மறுபடி செய்தேன். பலூன் உப்பியபின் அதே 136.97 பக்கம் வந்தது. இப்போது பலூனின் கழுத்தைத் தளர்த்திக் கரியமில வாயுவை முழுக்க வெளியே விட்டோம். பலூனுக்குள் 2.3 கிராம் வாயு இருந்திருக்க வேண்டும், ஆகவே 2.3 குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குறைந்தது 0.8 தான். 136.16. வாயு போனதில் 2.3 கழிந்தது, பலூன் சுருங்கியதால் காற்று தாங்கிக்கொண்டிருந்த ஒண்ணரை கிராம் திரும்பி வந்தது. அந்தப் பின்வரிசைப் பெண் இரண்டையும் கழித்துக் கரும்பலகையில் எழுதிவிட்டு, சாக்குக்கட்டியை என்னிடம் தந்தாள். 5 கிராம் சோடா முழுவதும் வினைபட்டால் 2.6 கிராம் வாயு வர வேண்டும். மீதி 0.3 வினிகரில் கரைந்தும் பாட்டிலுக்குள் தங்கியும் நின்றிருக்கும்.

புத்தகச் சோதனை சரியாக வர வேண்டுமானால் உப்பாத பாத்திரம் வேண்டும். சோடா குடித்துவிட்டுப் போடுகிற அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் தோது. ஒரு கிராம் ஆப்ப சோடாவை மெல்லிய காகிதத்தில் பொட்டலம் கட்டிப் போட்டு, 30 மில்லி வினிகரில் அது நனைவதற்குள் மூடியை இறுக்கிவிட வேண்டும். பாட்டில் கல் மாதிரி விறைக்கும், எடை 0.01 கூட அசையாது. மூடியைத் திருகினால் புஸ்ஸென்று சீறி 0.3 கிராமுக்குச் சற்று மேல் குறையும். பாயிலின் குடுவையில் காற்று உள்ளே சீறியது, எங்கள் பாட்டிலில் வெளியே. வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், சோடாவைக் கூட்டவும் வேண்டாம்.

பலூனில் நான் பட்ட அவமானம் பெரிய இடத்து அவமானம் என்று பிறகு தெரிந்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் லான்டோல்ட் என்ற வேதியியலாளர் 1890களில் தொடங்கி ஏறக்குறைய இருபது வருசம் இந்த ஒரு விதியை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தார். கவிழ்த்துவைத்த இரட்டைக்கால் கண்ணாடிக் குழாய், ஒரு காலில் ஒரு கரைசல், மறுகாலில் இன்னொன்று. வாயை உருக்கி மூடி நிறுப்பார், சாய்த்துக் கலப்பார், மறுபடி நிறுப்பார். அவருக்கும் எடை குறைந்தது. மில்லிகிராமில் சின்னப் பங்குதான், ஆனால் பல வினைகளில் அதே பக்கமாகக் குறைந்தது. வேறு யாராவது என்றால் விதியே உடைந்துவிட்டது என்று ஊரைக் கூட்டியிருப்பார்கள். அவர் குழாயைச் சந்தேகப்பட்டார். வினையின் சூட்டில் கண்ணாடி துளி விரிந்து, பழைய அளவுக்குத் திரும்ப நாளாகிறது. விரிந்த குழாய் கூடுதல் காற்றை விலக்குகிறது, லேசாகத் தெரிகிறது. என் பலூன்தான், பல்லாயிரம் மடங்கு சின்னதாக! கண்ணாடி மேல் படிந்திருந்த ஈரமும் அதே சூட்டில் போயிருந்தது. இரண்டையும் சரிக்கட்டியபின் 1908 வாக்கில், கோடியில் ஒரு பங்கு வரை எந்த மாற்றமும் இல்லை என்று முடித்தார். 1910இல் இறந்துபோனார்.

அதற்குள் 1905இல் ஐன்ஸ்டைன் வந்து, வெப்பமாக வெளியே போவதற்கும் நிறை உண்டு என்று சொல்லிவிட்டார். மேல்வகுப்புப் பிள்ளைகள் இதைத் தவறாமல் கேட்பார்கள். 12 கிராம் கரி எரிந்து 44 கிராம் கரியமில வாயு ஆகும்போது ஏறக்குறைய 393 கிலோஜூல் சூடு வெளியேறுகிறது. அதன் நிறை ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்குபோட்டால் அதில் நாலரைப் பங்குகூட இல்லை. லான்டோல்ட் தராசுக்கே அகப்படாது. எங்கள் தங்கத் தராசைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

பிள்ளைகள் விடாமல் கேட்கிற இன்னொன்று கற்பூரம். மண்டபத்துக்குப் பக்கத்திலேயே சன்னதி, ஆரத்தித் தட்டைப் பார்த்துக்கொண்டேதான் பாடம். "கரிக்காவது சாம்பல் மிஞ்சுது சயாமா, கற்பூரத்துக்கு அதுவும் இல்லையே?" கற்பூரமாகக் கரைந்துபோவது என்று பேச்சிலேயே வைத்துக்கொண்டிருக்கிறோம், பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. முழுக்க எரிந்தால், 10 கிராம் கற்பூரம் காற்றிலிருந்து 28.4 கிராம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு 28.9 கிராம் கரியமில வாயுவாகவும் 9.5 கிராம் நீராவியாகவும் போகிறது. கரைந்ததாக நாம் கும்பிட்டது கிட்டத்தட்ட நாலு மடங்காகி மண்டபத்துக்குள்ளேயே நம் தலைக்கு மேல் நிற்கிறது. குருக்களுக்கு இதில் ரொம்பச் சந்தோசம், போன மாதம் பிரசங்கத்தில்கூடச் சேர்த்துக்கொண்டார். எனக்கென்னவோ அதில் ஆன்மிகம் எதுவும் தெரியவில்லை, ஜன்னலைத் திறந்துவைக்க ஒரு காரணம் தெரிந்தது.

அப்பா இன்னும் மோல்மேனில் தம்பி வீட்டில்தான் இருக்கிறார். கடை கை மாறிவிட்டது. போன வாரம் போனில் பேசும்போது இந்தச் சுண்ணாம்புக் கணக்கை முழுக்கச் சொன்னேன். 56, 74, 100, எல்லாம். காது கொஞ்சம் மந்தம், ஆனால் எண் என்றால் அவருக்கு நன்றாகக் கேட்கும். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அந்த மூட்டைய கோயிலுக்கு 23 வீசைன்னுதானே போட்டேன்?"

"ஆமாப்பா. பேரேட்டுலயும் அப்படித்தான் இருக்கும்."

"அப்ப மூணு வீசைத் தண்ணிக்குக் காசு வாங்கியிருக்கேன். அதுவும் அம்மன் கோயில்ல."

"தெரிஞ்சா வாங்குனீங்க? நீங்க வாங்குனது 20, அவங்களுக்குப் போனதும் அதே 20 கல்லுதான். மேல இருந்தது மழை."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். பிறகு தம்பியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கோயிலுக்கு மூன்று வீசைச் சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமாம், நாளைக்கே. தம்பி போனை வாங்கி, "என்னக்கா ஆச்சு இவருக்கு, சுட்ட கல்லா நீத்துனதா, எதை வாங்குறது?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அப்பா குரல் வந்தது.

"சுட்ட கல்லாவே வாங்குடா. மழைக்கு முன்னாடி கொண்டுபோய்ப் போட்டுரு."